நிபந்தனைகளுக்கு உட்பட்டது

வேகம், இலவசம், அன்லிமிடெட் என்று மொபைல், பிராட்பேண்ட் நிறுவனங்கள் தரும் வாக்குறுதிகளைக் கட்டுப்படுத்த இந்தியாவில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விதி வந்து சேர்வதற்குள் விளம்பரம் தன் வேலையை முடித்துவிடுகிறது.

குட்டையாக முடி வெட்டிய இளம்பெண் ஒருவர் திரையில் தோன்றிச் சவால் விட்டார். உங்கள் நெட்வொர்க் எங்களுடையதைவிட வேகமாக இருந்தால், ஆயுள் முழுக்க உங்கள் மொபைல் பில்லை நாங்களே கட்டுகிறோம் என்பது சவாலின் சாரம். 2015 ஆகஸ்டில் ஏர்டெல் தன் 4ஜி சேவையை 296 ஊர்களில் விரித்தபோது வந்த விளம்பரம் இது. டிவி, செய்தித்தாள், சாலையோரப் பலகை என்று எங்கு திரும்பினாலும் அதே முகம், அதே சவால். ஆஸ்கி எனப்படும் இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில் அதைப் பரிசீலித்தது. சொல்ல வேண்டிய தகவலைச் சொல்லாமல் விடுவதால் விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று முடிவு செய்தது. அக்டோபர் 7ஆம் தேதிக்குள் திருத்துங்கள், இல்லையேல் நிறுத்துங்கள் என்றது. அதற்குள் இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. ஏர்டெல் 4ஜி வேகமானது என்ற எண்ணம் நாடு முழுக்கப் பதிந்திருந்தது. அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் ஆஸ்கிக்கு இல்லை.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் இந்தியத் தொலைத்தொடர்பு விளம்பரச் சண்டைகள் பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடந்தன. முதலில் வாக்குறுதி, பிறகு புகார், அதன் பிறகு உத்தரவு. உத்தரவு வரும்போது நிறுவனம் அடுத்த திட்டத்தை விற்றுக்கொண்டிருக்கும்.

அன்லிமிடெட்டின் எல்லைக்கோடு

2016 இறுதியில், ஜியோவின் வருகையைச் சமாளிக்க மற்ற நிறுவனங்களும் அன்லிமிடெட் அழைப்புத் திட்டங்களை அறிவித்தன. தலைப்பில் எல்லை இல்லை; அடிக்குறிப்பில் இருந்தது. திட்டத்துக்கு ஏற்ப நாளொன்றுக்கு 250 அல்லது 300 நிமிடம், வாரத்துக்கு 1,000 அல்லது 1,200 நிமிடம். அதைத் தாண்டினால் காசு. வணிக நோக்கில் மொத்தமாக அழைப்பவர்களைத் தடுக்கவே இந்த வரம்பு என்று நிறுவனங்கள் விளக்கம் தந்தன. அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வரம்பு உள்ள திட்டத்தை வரம்பற்றது என்று விற்பதற்கு அது பதில் ஆகாது.

2019 டிசம்பரில் கட்டணங்கள் கூடியபோது இன்னொரு வரம்பு முளைத்தது. வேறு நெட்வொர்க்குக்குப் பேசினால் 28 நாளுக்கு 1,000 நிமிடம்தான் என்றன புதிய 'அன்லிமிடெட்' திட்டங்கள். வாடிக்கையாளர்கள் கொதித்ததும் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் சில நாள்களிலேயே அந்த வரம்பை நீக்கிக்கொண்டன. எந்த ஆணையமும் உத்தரவிடாமல் நடந்த திருத்தம் அது. சிம்மை மாற்றிவிடுவார்கள் என்ற பயம் சில நேரம் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்கிறது.

டேட்டாவில் அன்லிமிடெட் என்பதற்கு வேறு பொருள். தினம் 1.5 ஜிபி தீர்ந்த பிறகும் இணைப்பு அறுந்து போகாது. வேகம் மட்டும் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு இறங்கிவிடும். சேவை தொடர்கிறது என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம், பயன்படுத்த முடியாது என்பதே பயனாளியின் அனுபவம். வீட்டு ஃபைபர் இணைப்புகளில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஜியோ, ஏர்டெல் ஆகியவற்றின் அன்லிமிடெட் ஃபைபர் திட்டங்களுக்கு மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு அறிவிக்கப்பட்டது. சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது அரிது. அரிது என்பதாலேயே அதை விளம்பரத்தின் முகப்பில் சொல்லவும் தயங்க வேண்டியதில்லை.

5ஜியிலும் இதே கதை. 2022 அக்டோபரில் சேவை தொடங்கியபின் அன்லிமிடெட் 5ஜி என்பது ஜியோவும் ஏர்டெல்லும் காட்டிய பெரிய தூண்டில். 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது, தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இரு நிறுவனங்களும் அதைச் சுருக்கின. 5ஜி போனை நம்பி வாங்கியவர் அதே பலனைப் பெற, விலை கூடிய திட்டத்துக்கு ஏற வேண்டியதாயிற்று.

எல்லைக்கோட்டை வெளியே சொல்ல வைக்கும் முயற்சியை ட்ராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012 ஜூலையிலேயே தொடங்கியது. நியாயமான பயன்பாட்டுக் கொள்கை, அதாவது எஃப்.யு.பி. வைத்திருக்கும் பிராட்பேண்ட் நிறுவனங்கள் டேட்டா வரம்பு எவ்வளவு, அதுவரை வேகம் என்ன, அதன் பின் வேகம் என்ன என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்றது. 2016 அக்டோபரில் இன்னொரு படி மேலே போனது. வரம்பு தீர்ந்த பின்னும் வீட்டு பிராட்பேண்டின் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது. வரம்பில் 50, 90, 100 சதவீதத்தை எட்டும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். விளம்பர வாசகத்தோடு இந்த உத்தரவு நிற்கவில்லை. விற்கப்படும் பொருளுக்கே ஓர் அடித்தளம் போட்டது.

பிராட்பேண்ட் என்று எதைச் சொல்லலாம் என்பதையும் இப்படி எண்ணால்தான் அரசு கட்டுப்படுத்தியது. 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் குறைந்தபட்சம் 256 கேபிபிஎஸ். 2013இல் 512. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ். அதற்குக் குறைந்த இணைப்பை அந்தப் பெயரில் விற்க முடியாது.

[பெட்டி: விளம்பர எண்ணும் வீட்டுக் கணக்கும்]
வேகம் மெகாபிட்டில் விளம்பரமாகிறது. கோப்புகளோ மெகாபைட்டில் இருக்கின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜிபி படத்துக்கு ஏறத்தாழ 80 விநாடி.
64 கேபிபிஎஸ் வேகத்தில் 5 மெகாபைட் புகைப்படம் ஒன்று இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும்.
வீட்டு இணைப்பு மாதம் 499 ரூபாய் என்று விளம்பரம் சொல்லி, 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்று அடியில் குறித்திருந்தால், பில்லில் வருவது 588 ரூபாய் 82 காசு.

இலவசத்துக்கு வந்த பில்

2016 செப்டம்பரில் ஜியோ களமிறங்கியபோது கொடுத்த பெரிய வாக்குறுதி, குரல் அழைப்புக்கு எப்போதும் காசில்லை என்பது. டேட்டா உட்பட எல்லாமே இலவசம் என்ற அறிமுகச் சலுகை டிசம்பர் 31 வரை என்று தொடங்கி, புத்தாண்டுச் சலுகை என்ற புதுப் பெயரில் 2017 மார்ச் 31 வரை நீண்டது. அடுத்து மூன்று மாதக் கோடைச் சலுகை அறிவிக்கப்பட்டபோது ட்ராய் ஏப்ரலில் தலையிட்டு அதை விலக்கிக்கொள்ளச் சொன்னது.

அழைப்பு எப்போதும் இலவசம் என்ற பேச்சு மூன்றாண்டு ஓடியது. 2019 அக்டோபர் 9ஆம் தேதி, வேறு நெட்வொர்க்குக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 பைசா என்று ஜியோ அறிவித்தது. நெட்வொர்க்குகள் தமக்குள் கொடுத்து வாங்கும் இணைப்புக் கட்டணத்தை ஒழிப்பதாகச் சொன்ன ட்ராய் காலம் தாழ்த்துகிறது, அந்தச் சுமையைத்தான் வசூலிக்கிறோம் என்பது ஜியோவின் வாதம். கட்டும் தொகைக்கு ஈடாக டேட்டாவும் தந்தது. 2021 ஜனவரி 1இல் இணைப்புக் கட்டணம் ஒழிந்ததும் 6 பைசாவும் போனது. நிறுவனத்தின் கணக்கில் இது சரியாகவே இருக்கலாம். ஆனால் 'எப்போதும்' என்று சொல்லி கோடிக்கணக்கானோரைத் தன் பக்கம் இழுத்த நிறுவனம், பின்னாளில் ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவைக் காரணம் காட்டி அதை நிறுத்திவைக்கலாமா என்ற கேள்விக்கு எந்த மன்றத்திலும் தீர்ப்பு எழுதப்படவில்லை.

இலவசம் பற்றிய கேள்வி ஒன்று நீதிமன்றம் வரை போனது 2018 ஐபிஎல் பருவத்தில். கிரிக்கெட்டை நேரலையாக இலவசமாகப் பாருங்கள் என்று ஏர்டெல் விளம்பரம் செய்தது. ஹாட்ஸ்டார் என்ற ஆப்பின் சந்தாதான் இலவசம். பார்க்கச் செலவாகும் டேட்டாவுக்கு வாடிக்கையாளர் தன் திட்டப்படி பணம் கட்ட வேண்டும். ஜியோ டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. விளம்பரத்தை நீதிமன்றம் நிறுத்தவில்லை. சந்தா மட்டுமே இலவசம், டேட்டா கட்டணம் உண்டு என்ற குறிப்பைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது. எழுத்தின் அளவை உயர் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்தது என்பதே அந்தத் துறையின் நிலையைச் சொல்லும்.

28 நாளில் ஒரு மாதம்

ப்ரீபெய்டு விளம்பரத்தில் மாதம் என்ற சொல் இருக்காது. 28 நாள் வேலிடிட்டி என்றுதான் இருக்கும். வாங்குபவர் மனத்தில் அது மாதமாகவே பதியும். சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் மாதக் கணக்கில் ஓடும் வீட்டில் மொபைல் மட்டும் நான்கு வாரக் கணக்கில் ஓடுவதால், ஆண்டுக்கு 12 ரீசார்ஜ் என்று நினைத்தவர் 13 முறை செய்கிறார். 84 நாள் திட்டத்தை மூன்று மாதம் என்று எண்ணி நான்கு முறை போடுபவருக்கு, ஆண்டு முடிய 29 நாள் மிச்சமிருக்கும். இதில் பொய் என்று சுட்ட ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் தவறான விளம்பரம் பற்றிய சட்டங்களால் இதைத் தொடவே முடியவில்லை.

ட்ராய் 2022 ஜனவரி 27ஆம் தேதி கட்டண உத்தரவைத் திருத்தி இதைக் கையாண்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டங்களையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டங்களையும் வகைக்கு ஒன்றாவது கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும். நிறுவனங்கள் வைத்தன. ஆனால் ரீசார்ஜ் கடையின் சுவரொட்டியிலும் ஆப்பின் முதல் திரையிலும் முன்னே நிற்பது இன்றும் பெரும்பாலும் 28, 56, 84 தான். இருக்க வேண்டும் என்று விதிக்கலாம், முன்னே வை என்று விதிக்கவில்லையே.

டேட்டாவே தேவைப்படாத பட்டன் போன்காரர்களும், இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருக்க மட்டும் பணம் கட்டுபவர்களும் டேட்டா சேர்ந்த திட்டத்தையே வாங்கும் நிலை இருந்தது. 2024 டிசம்பர் 23ஆம் தேதி ட்ராய் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்களைக் கட்டாயமாக்கியது. சிறப்புத் திட்டங்களின் உச்ச வேலிடிட்டி 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. அதே திருத்தம், 2012இல் வந்த வண்ண அடையாளத்துக்கும் முடிவு கட்டியது. திட்ட வவுச்சருக்குச் சிவப்பு, டாப்-அப்புக்குப் பச்சை, சிறப்புக் கட்டண வவுச்சருக்கு மஞ்சள் என்று பட்டை போட்ட அட்டைகள், படிக்கத் தெரியாதவரும் எதை வாங்குகிறோம் என்று அறிய வந்தவை. அட்டை வியாபாரம் ஆப்புக்குப் போனபின் வண்ணத்துக்கு வேலை இல்லாமல் போனது.

காவலர்கள் பலர், தடி சிறிது

இந்தியாவில் தொலைத்தொடர்புக் கட்டணத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. நிறுவனம் திட்டத்தை அறிமுகப்படுத்திவிட்டு ஏழு வேலை நாளுக்குள் ட்ராயிடம் தெரிவித்தால் போதும். போட்டி கட்டணத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. நெடுங்காலம் குறைக்கவும் செய்தது. ஆனால் விளம்பரத்தைப் பொறுத்தவரை, ஒழுங்குமுறை ஆணையம் ஒரு திட்டத்தைப் பார்க்கும் நேரத்தில் மக்கள் அதை வாங்கத் தொடங்கியிருப்பார்கள்.

2012 மார்ச் 26ஆம் தேதி ட்ராய் பிறப்பித்த உத்தரவு, கட்டண விளம்பரங்கள் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும், முக்கிய விவரத்தை மறைக்கக் கூடாது என்றது. விளம்பரங்களைப் பதிவேட்டில் சேர்த்து வைக்கவும் சொன்னது. வட்டார மொழியில் விளம்பரம் வந்தால், கட்டாய விவரங்களும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்த நல்ல அம்சம். தமிழ் நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் தமிழில் கூவ, நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில் முணுமுணுத்த காலம் அது. 2020 செப்டம்பரில் ட்ராய் மீண்டும் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. வரம்புக்குப் பின் என்ன கட்டணம், என்ன வேகம் என்பது உட்பட எல்லாவற்றையும் இணையதளத்திலும் விற்பனை இடங்களிலும் வெளியிட வேண்டும் என்றது.

அந்த 2020 உத்தரவுக்குச் சற்று முன்தான் முன்னுரிமை வேகச் சர்ச்சை வெடித்தது. வோடஃபோன் ஐடியா தன் ரெட்எக்ஸ் என்ற உயர்விலைப் போஸ்ட்பெய்டு திட்டத்தில் மற்றவர்களைவிட வேகமான டேட்டா கிடைக்கும் என்றது. 2020 ஜூலையில் ஏர்டெல், மாதம் 499 ரூபாயும் அதற்கு மேலும் கட்டுபவர்களைப் பிளாட்டினம் என்று வகைப்படுத்தி முன்னுரிமை 4ஜி தருவதாக அறிவித்தது. ஒரே டவரில் ஒருவருக்கு முன்னுரிமை என்றால் மற்றவர் பின்னால் தள்ளப்படுகிறார் என்றுதான் பொருள். பின்னால் தள்ளப்படுபவருக்கு விற்ற திட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ட்ராய் இரண்டையும் நிறுத்திவைக்கச் சொன்னது. வோடஃபோன் ஐடியா தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போய் இடைக்கால நிவாரணம் பெற்றது. ஆகஸ்ட் 25ஆம் தேதி ட்ராய் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ரெட்எக்ஸ் கட்டணம் வெளிப்படையாக இல்லை, தவறாக வழிநடத்துகிறது என்று அதில் குற்றஞ்சாட்டியது. வேகம் பற்றிய வாசகம் பின்னர் திட்டத்திலிருந்து விலகியது. ரெட்எக்ஸ் அறிமுகமானது 2019 நவம்பரில் என்பதை நினைவில் வைத்தால், கேள்வி எழவே எட்டு மாதம் ஆனது தெரியும்.

தண்டனை என்று பார்த்தால், 1997ஆம் ஆண்டு ட்ராய் சட்டத்தின் 29ஆவது பிரிவு ஆணையத்தின் உத்தரவை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் இரண்டு லட்சம் வரையிலும், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு இரண்டு லட்சம் வரையிலும் அபராதம் என்கிறது. அதையும் நீதிமன்றத்தில் வழக்காடித்தான் பெற வேண்டும். ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய் வருவாய் உள்ள நிறுவனங்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

1985இல் விளம்பரத் துறையினரே அமைத்த ஆஸ்கிக்கு அபராதம் விதிக்கும் அதிகாரமே கிடையாது. ஆனால் 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகள், ஆஸ்கி நெறிமுறையை மீறும் விளம்பரத்தைக் கேபிளில் ஒளிபரப்பக் கூடாது என்கின்றன. அந்த ஒரு வரிதான் அதற்குப் பல்.

புதிய காவலர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் பிறந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைக்கும் நட்சத்திரத்தை ஓராண்டும், மீண்டும் தவறினால் மூன்றாண்டும் பரிந்துரை செய்யவிடாமல் தடுக்கலாம். ட்ராயின் அபராதத்தைவிடப் பெரியது என்றாலும், ஒரு கிரிக்கெட் பருவம் முழுக்க ஓடும் பிரசாரத்தின் செலவுக்கு முன் 10 லட்சம் என்பது சில்லறை.

[பெட்டி: நட்சத்திரக் குறிக்கு விதி]
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலிருந்து:
விளம்பரம் சொல்வதை அடிக்குறிப்பு விளக்கலாம், மறுக்கக் கூடாது.
அடிக்குறிப்பு, விளம்பர வாசகம் உள்ள அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். வாசகம் குரலில் வந்தால், குறிப்பும் அந்தக் குரலோடு சேர்ந்து திரையில் வர வேண்டும்.
தவிர்க்க முடியாத சிறு செலவு தவிர வேறு எதற்காவது வாங்குபவர் பணம் கட்ட வேண்டியிருந்தால், அதை இலவசம் என்று சொல்லக் கூடாது.
2023 நவம்பரில் வந்த தனி நெறிகள், முதலில் குறைந்த விலையைக் காட்டிப் பின்னர் படிப்படியாகக் கட்டணம் சேர்ப்பது உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தன.

விளம்பரத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு தந்த முக்கியத் தீர்ப்பும் தொலைபேசியிலிருந்துதான் பிறந்தது என்பது சுவையான ஒற்றுமை. டாடா பிரஸ் வெளியிட்ட மஞ்சள் பக்க விளம்பரத் தொகுப்பை எதிர்த்து, தொலைபேசி டைரக்டரி வெளியிடும் உரிமை தனக்கே என்று அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல். வழக்காடியது. 1995இல் உச்ச நீதிமன்றம், வணிக விளம்பரமும் பேச்சுரிமைதான் என்றது. பொய்யான, ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. பிந்தைய கட்டுப்பாடுகள் எல்லாம் அந்த இரண்டாவது வாக்கியத்தில் கால் ஊன்றி நிற்கின்றன.

போட்டியாளரே புகார்தாரர்

2017இல் ஏர்டெல், ஊக்லா என்ற வேகச் சோதனை நிறுவனத்தின் முடிவை வைத்து, அதிகாரபூர்வமாக இந்தியாவின் வேகமான நெட்வொர்க் நாங்களே என்றது. ஜியோ பாய்ந்தது. இரண்டு சிம் போடும் போன்களில், சோதனை எந்த சிம்மின் டேட்டாவில் நடந்தாலும் முடிவு முதல் சிம்மின் கணக்கில் ஏறிவிடுகிறது என்பது அதன் வாதம். அதே காலத்தில் ட்ராயின் மைஸ்பீடு ஆப் திரட்டிய அளவீடுகளில் ஜியோதான் முன்னணியில் இருந்தது. அதிகாரபூர்வம் என்று சொல்ல ஊக்லா அரசு அமைப்பும் அல்ல. ஆஸ்கியின் விரைவுக் குழு விளம்பரத்தைத் திருத்தவோ நிறுத்தவோ சொன்னது. ஏர்டெல் மேல்முறையீடு செய்தது.

இந்தச் சண்டைகளில் வாடிக்கையாளருக்குப் பலன் உண்டு. எதிர் நிறுவனத்திடம் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். தனி மனிதர் நிரூபிக்க முடியாததை அது சில நாளில் நிரூபித்துவிடும். ஆனால் போட்டியாளர் புகார் செய்வது தன் சந்தையைத் தொடும் விஷயத்துக்கு மட்டும்தான். எல்லோரும் சேர்ந்து செய்வதை எவரும் புகார் செய்வதில்லை. 28 நாள் வேலிடிட்டியை எதிர்த்து எந்த நிறுவனமும் உயர் நீதிமன்றம் போகவில்லை.

வெளிநாடுகளில் வேலை செய்தது எது

பிரிட்டனில் பல ஆண்டுகளாகச் சண்டை ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது: 'வரை'. நொடிக்கு 17 மெகாபிட் வரை என்று விளம்பரம் செய்ய, 2012ஆம் ஆண்டு விதிப்படி 10 சதவீத வாடிக்கையாளருக்கு அந்த வேகம் கிடைத்தால் போதும். மீதி 90 சதவீதத்தினர் விளம்பரத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான். 2018 மே 23 முதல் விதி மாறியது. இரவு 8 முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதிப் பேருக்குக் கிடைக்கும் வேகத்தையே விளம்பரம் செய்யலாம். உடனே 17 என்ற எண் பல நிறுவனங்களின் விளம்பரத்தில் 10, 11 ஆனது. கம்பியில் எதுவும் மாறவில்லை. விளம்பரம் மட்டும் உண்மைக்கு அருகில் வந்தது.

விலையிலும் அப்படித்தான். தொலைபேசி இணைப்பு வாடகையைத் தனியாக ஒதுக்கிவிட்டு பிராட்பேண்ட் விலையை மட்டும் பெரிதாகக் காட்டும் பழக்கம் அங்கே இருந்தது. 2016இல் வெளியான ஆய்வில், இத்தகைய விளம்பரத்தை முதல் முறை பார்த்தவர்களில் 23 சதவீதத்தினரே மாதச் செலவைச் சரியாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 31 முதல் எல்லாம் சேர்த்த ஒரே விலையைக் காட்டுவது கட்டாயமாயிற்று. ஒப்பந்தக் காலத்தின் நடுவே விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்துக் கட்டணத்தை ஏற்றும் வழக்கத்தையும் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் தடை செய்தது. ஏற்றுவதானால் எத்தனை பவுண்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியா அபராதத்தின் வழியே போனது. டிபிஜி என்ற நிறுவனம் 2010-11இல் மாதம் 29.99 டாலருக்கு அன்லிமிடெட் பிராட்பேண்ட் என்று பெரிய எழுத்தில் சொன்னது. மாதம் 30 டாலருக்கு வீட்டுத் தொலைபேசியும் சேர்த்து வாங்கினால்தான் அது கிடைக்கும் என்பது சிறிய எழுத்தில் இருந்தது. முதல் நீதிமன்றம் 20 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது 50,000 டாலராகத் தேய்ந்தது. 2013 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் 20 லட்சத்தையே மீட்டெடுத்தது. விளம்பரத்தை மக்கள் மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள், எனவே மேலோங்கி நிற்கும் செய்தி எதுவோ அதை வைத்தே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. நுணுக்கமாகப் படித்திருந்தால் தெரிந்திருக்குமே என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது. 2022 நவம்பரில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், டிபிஜி மூன்றும் சேர்ந்து 3.35 கோடி டாலர் கட்டின. வாங்கிய வேகம் உங்கள் வீட்டுக் கம்பியில் வருமா என்று சோதித்துச் சொல்கிறோம் என்று கூறிவிட்டுச் சொல்லாமல் விட்டதற்கு.

அமெரிக்க வழக்கு வேறொரு பாடத்தைத் தருகிறது. அன்லிமிடெட் திட்டம் வாங்கியவர்களின் வேகத்தை, மாதம் 2 ஜிபி தாண்டியதுமே சிலருக்குக் குறைத்ததாக ஏடி அண்ட் டி மீது கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2014 அக்டோபரில் வழக்குப் போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 35 லட்சம் பேர் என்றது. எங்களை விசாரிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, நாங்கள் வேறு ஆணையத்தின் கீழ் வருகிறோம் என்று நிறுவனம் வாதாடியது. அந்த ஒரு கேள்வி தீர 2018 வரை ஆனது. 6 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது 2019இல். இப்போது அங்கே, பிஸ்கட் பொட்டலத்தின் சத்து அட்டவணை போல, விலை, வேகம், டேட்டா வரம்பு, கூடுதல் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே வடிவில் காட்டும் அட்டவணையை 2024 ஏப்ரல் 10 முதல் பெரிய நிறுவனங்கள் வெளியிட்டாக வேண்டும்.

எந்த ஊரில் எந்த சிக்னல்

நாடெங்கும் 4ஜி, நாடெங்கும் 5ஜி என்ற வாசகத்தைச் சோதிக்க இந்திய வாடிக்கையாளரிடம் நெடுங்காலம் ஒரே கருவிதான் இருந்தது: சிம்மை வாங்கிப் போட்டுப் பார்ப்பது. மலையோர ஊர்க்காரர் அண்டை வீட்டாரைக் கேட்டு சிம் வாங்குவது அதனால்தான். 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி ட்ராய் வெளியிட்ட சேவைத் தர விதிகள் இதை மாற்ற முயல்கின்றன. 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கிறது என்பதைக் காட்டும் கவரேஜ் வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். தர விதிகளை மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். வரைபடம் தவறென்று நிரூபிக்க முடிகிற ஆவணம் ஆகிவிடுகிறது. நாடெங்கும் என்ற விளம்பர வாசகம் அப்படி ஆவதில்லை. ஆனால் இந்த வரைபடங்கள் நிறுவனங்கள் தாமே வரைபவை. கட்டடத்துக்குள்ளே, பள்ளத்தாக்கில், மழைநாளில் சிக்னல் எப்படி என்பதைச் சுதந்திரமாக அளந்து ஒப்பிடும் ஏற்பாடு வலுவாக இல்லாத வரை இதன் பயன் பாதிதான்.

புகார் போகும் வழி

தனிநபர் புகாரை ட்ராய் விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே கிடைக்கும் பதிவு எண் முக்கியம். தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு படியிலும் தீர்ப்பு சொல்வது நிறுவனமே. விளம்பரம் பற்றிய புகார் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், ஆஸ்கியிடமும் தரலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் தேதியும் கையில் இல்லாவிட்டால் பின்னால் நிரூபிப்பது கடினம். ஆப்பில் வந்த சலுகை மறுநாள் இருக்காது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்பதே 2022 வரை சந்தேகமாக இருந்தது. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு, தொலைபேசித் தகராறுகளை நடுவரிடம் அனுப்பச் சொன்னது. அதனால் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு, மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்த இடத்தில் 2013இல் 24,609 ரூபாய்க்கு பில் வந்தது. அவர் மாவட்ட மன்றம் போனார். இது உங்கள் எல்லையில் வராது என்று வோடஃபோன் ஒவ்வொரு படியிலும் வாதாடியது. 2022 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று தெளிவாக்கியது. பில் சரியா தவறா என்று விசாரிக்கத் தொடங்குவதற்கே எட்டு ஆண்டு ஆகியிருந்தது.

இப்போது அந்தத் தடை இல்லை. வாடிக்கையாளர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், வழக்கறிஞர் இல்லாமலும் இணையம் வழியாகவும் மனு தாக்கல் செய்யலாம். வாங்கிய சேவையின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எந்த ரீசார்ஜும் அந்தத் தொகையை எட்டுவதில்லை.